கட்டும் நொதி, வெட்டும் நொதி

1740 செப்டம்பரில் ஜார்ஜ் ஆன்சன் என்ற தளபதியின் தலைமையில் ஆறு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து கிளம்பின. தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பசிபிக் கடலுக்குள் போய் ஸ்பானியரைத் தாக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட உத்தரவு. போரில் செத்தவர்கள் மிகச் சிலர்தான். நூற்றுக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போனது ஸ்கர்வி நோய். அந்தப் பயணத்தைப் பற்றி 1748இல் ஒரு நூல் வெளிவந்தது. சென்டூரியன் கப்பலில் இருந்த வயதான வீரர் ஒருவரைப் பற்றிய செய்தி அதில் இருக்கிறது. 1690இல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் அவர் காயம்பட்டவர். காயம் அப்போதே ஆறிவிட்டது. அதன்பின் ஐம்பது வருடம் நன்றாகவே இருந்தார். கப்பலில் ஸ்கர்வி முற்றியதும் அந்தப் பழைய காயங்கள் ஒருநாளும் ஆறாதவை போல மறுபடி வாய் பிளந்துகொண்டன. எப்போதோ முறிந்து கூடிய எலும்புகூட, கூடிய இடத்தில் விட்டுப்போனதாக அந்த நூல் சொல்கிறது.

அரை நூற்றாண்டுக்கு முன் மூடிய காயம் எப்படித் திறக்கும்? கிருமி புகவில்லை, புதிதாக அடிபடவும் இல்லை. இதற்கான விடை 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. ஆறிய காயம் ஒருமுறை கட்டி முடித்துவிட்ட சுவர் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்தத் தழும்புக்குள் நொதிகள் நாள்தோறும் பழைய இழைகளை வெட்டிக்கொண்டே இருக்கின்றன. வேறு நொதிகள் புது இழைகளைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்த வீரரின் உடம்பில் கட்டும் வேலை நின்றுவிட்டது. வெட்டும் வேலை நிற்கவில்லை.

மூட்டுத் தேய்மானம், ஈறு நோய், நுரையீரல் அடைப்பு, ஆறாத சர்க்கரைப் புண், புற்றுநோய்ப் பரவல் என்று நாம் தனித்தனி மருத்துவர்களிடம் கொண்டுபோகும் பல நோய்களின் அடியில் இந்த ஒரே கணக்குதான் இருக்கிறது. அதைச் சரிசெய்ய மருத்துவ உலகம் கோடிக்கணக்கில் பணம் செலவழித்தது. பெரிய அளவில் தோற்றது. சில இடங்களில் நிதானமாக வென்றும் இருக்கிறது.

முதலில் கட்டும் வேலை. தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு, ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது இணைப்புத் திசு. அதன் முதன்மைப் பொருள் கொலாஜன் என்ற புரதம். நம் உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். இதன் வடிவத்தை உலகுக்குச் சொன்ன இடம் சென்னை. 1952இல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என்.ராமச்சந்திரன். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். அருகிலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ராமச்சந்திரனுக்குக் கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்தார். 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, கொலாஜன் மூன்று புரிகளால் ஆனது என்றது. மறு ஆண்டு அதைத் திருத்தி, அந்த மூன்று புரிகளும் கயிறு திரித்ததுபோல ஒன்றையொன்று சுற்றியிருப்பதைக் காட்டினார்கள். அந்த அடிப்படை இன்றுவரை நிற்கிறது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்குக்கு ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ (முப்புரிச் சுருள்) என்று பெயர் வைத்திருப்பது அதன் நினைவாகத்தான். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் இதற்கு ஒரு முழுப் பாடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மூன்று புரிகளும் பிரியாமல் நிற்க வேண்டுமானால் அவற்றிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்க வேண்டும். அதைச் செய்யும் நொதி புரோலில் ஹைட்ராக்சிலேஸ். அதன் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. அந்த இரும்பை வேலைக்கேற்ற நிலையில் வைத்திருப்பது வைட்டமின் சி. அது இல்லாவிட்டால் ஆக்சிஜன் ஏறாது. ஆக்சிஜன் ஏறாத கொலாஜன் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே பிரிந்துவிடும். நம் உடல் வெப்பமோ 37 டிகிரி. ஆன்சனின் கப்பலில் நடந்தது இதுதான். பல மாதங்கள் உலர்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் மட்டுமே தின்ற உடம்பு, புதுக் கயிறு திரித்தும் அது நிற்கவில்லை. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மளமளவென்று தேறினார்கள். நொதியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நொதியைத்தான் அவர் மறுபடி வேலைக்கு அனுப்பினார்.

திரித்த இழைகளைப் பக்கத்து இழைகளோடு பிணைப்பது லைசில் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி. அதற்குச் செம்பு தேவை. ஸ்வீட் பீ என்ற அலங்காரச் செடியின் விதையைத் தின்ற விலங்குகளின் எலும்பு வளைவதும் ரத்தக்குழாய் வீங்கி வெடிப்பதும் அந்த விதையிலுள்ள நஞ்சு இந்த நொதியை முடக்குவதால்தான்.

இனி வெட்டும் வேலை. கொலாஜன் இழை அவ்வளவு இறுக்கமானது. சாதாரணச் செரிமான நொதிகள் அதன்மேல் பல் பதிக்கவே முடியாது. அப்படியானால் உடம்பு அதை எப்படிக் கலைக்கிறது? 1960கள் வரை யாருக்கும் தெரியவில்லை. விடையைத் தந்தது தவளைக் குஞ்சு. மழைக்காலத்துக் குட்டையில் நீந்தும் தலைப்பிரட்டையின் வால் சில நாட்களில் காணாமல் போய்விடும். அது அறுந்து விழுவதில்லை, உடம்போடு கரைந்துபோகிறது. வால் முழுக்க கொலாஜன் என்றால் அதைக் கரைக்கும் ஏதோ ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்த ஜெரோம் கிராஸ் நினைத்தார். அவரும் சார்ல்ஸ் லாப்பியேரும் கொலாஜன் கூழ் பரப்பிய தட்டில், வால் கரையத் தொடங்கிய தலைப்பிரட்டையின் வால் தோலைச் சிறு துண்டாக வைத்தார்கள். துண்டைச் சுற்றிக் கூழ் கரைந்து வெளிறியது. 1962இல் வெளியான அந்தக் கட்டுரைதான் கொலாஜினேஸ் என்ற நொதியின் பிறப்புச் சான்றிதழ். பின்னர் ஒன்று தெரியவந்தது. இந்த நொதி மூன்று புரிகளையும் ஒரே இடத்தில்தான் வெட்டுகிறது. முக்கால் ஒரு துண்டு, கால் ஒரு துண்டு. அந்த ஒரு வெட்டு போதும். வெட்டுப்பட்ட துண்டுகள் உடல் சூட்டிலேயே பிரிந்துவிடும். மீதியை மற்ற நொதிகள் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஒரு நொதியின் பின்னால் ஒரு பெரிய குடும்பமே இருந்தது. மனித உடம்பில் 23 வகை. மருத்துவர்கள் எம்.எம்.பி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். எல்லாவற்றின் நடுவிலும் ஒரு துத்தநாக அணு உண்டு. செல்கள் இவற்றில் பெரும்பாலானவற்றை முடக்கிய நிலையிலேயே வெளியே அனுப்புகின்றன. நொதியின் ஒரு பகுதியே துத்தநாகத்தின் மேல் வந்து மூடிக்கொண்டிருக்கும். அதை அகற்றினால்தான் வெட்டும். வெட்டத் தொடங்கிய பிறகும் அடக்க, டிம்ப் என்ற நான்கு புரதங்கள் சுற்றிலும் காத்திருக்கின்றன. உடம்பு இந்த நொதிகளைத் தேவை என்று கருதுகிறது, அதே அளவுக்கு அஞ்சவும் செய்கிறது.

தேவை எவ்வளவு என்பதற்குப் பிரசவித்த தாயைப் பார்த்தால் போதும். பிள்ளை பிறந்ததும் கருப்பையின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. ஆறு வாரத்தில் அது நூறு கிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது. அத்தனை கொலாஜனையும் வெட்டிக் கரைப்பவை இந்த நொதிகள்தான். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளை ஒரு மண்டலம் ஓய்வாக வைத்திருக்கும் வழக்கத்தின் காலமும் இதன் காலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதை நான் வியப்போடு கவனித்ததுண்டு.

அடக்கும் கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்வீடனின் மால்மோ நகரத்து ஆய்வகம் ஒன்று காட்டியது. கார்ல்-பெர்டில் லாரெல் அங்கே நோயாளிகளின் ரத்தப் புரதங்களைக் காகித நாடாவில் பிரித்துப் பார்த்துவந்தார். சுமார் 1,500 நாடாக்களில் ஐந்தில் மட்டும் வழக்கமாக இருக்க வேண்டிய ஒரு பட்டை இல்லை. ஐந்துதானே என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. ஸ்டென் எரிக்சன் என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து அந்த ஐவரின் மருத்துவக் குறிப்பைத் தேடி எடுத்தார். மூவருக்கு நுரையீரலின் காற்றறைகள் சிதைந்துபோகும் எம்ஃபிசிமா நோய். 1963இல் இதை வெளியிட்டார்கள். காணாமல் போன அந்தப் பட்டை ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லும்போது வெளியிடும் எலாஸ்டேஸ் என்ற நொதியை அடக்கும் புரதம் அது. அது இல்லாத உடம்பில் எலாஸ்டேஸ், நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் எலாஸ்டின் நார்களையே தின்றுவிடுகிறது. எலாஸ்டினைப் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உடம்பு செய்கிறது. போனால் போனதுதான்.

ஆன்டிட்ரிப்சின் இல்லாமல் போவதற்குக் காரணமான மரபணுக் குறை வட ஐரோப்பியரிடம் அதிகம், நம்மிடம் அரிது. ஆனால் மால்மோவின் பாடம் நம் ஊர்ப் பெட்டிக்கடைக்கும் பொருந்தும். பீடி, சிகரெட் புகை இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. வெள்ளை அணுக்களை நுரையீரலுக்குக் கூட்டமாக வரவழைக்கிறது. அதே சமயம் ஆன்டிட்ரிப்சினின் முக்கியமான ஓர் இடத்தை ஆக்சிஜனேற்றி அதைச் செயலிழக்க வைக்கிறது. வெட்டுபவர் கூடுகிறார், தடுப்பவர் குறைகிறார். பீடியைத் தொட்டே அறியாத பெண்களுக்கும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு வருகிறது. விறகடுப்பின் புகையை ஆயுள் முழுக்கச் சுவாசித்தவர்கள் அவர்கள். இழந்த நாரைத் திருப்பித் தரும் மருந்து எதுவும் இல்லை. புகையை நிறுத்துவது ஒன்றுதான் கையில் உள்ளது. மருத்துவமனைச் சுவரில் ஒட்டும் விளம்பரம் புற்றுநோயைச் சொல்லிப் பயமுறுத்துவதோடு இதையும் விளக்கிச் சொல்ல வேண்டும்.

மூட்டின் கதை வேறு மாதிரி. கறி வேகாவிட்டால் பப்பாளிக்காயைச் சேர்ப்பது நம் சமையலறைக்குத் தெரிந்த வித்தை. அதன் பாலில் உள்ள பபைன் புரதத்தைத் துண்டாக்கும். 1956இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ் அந்தப் பபைனை முயலின் ரத்தத்தில் செலுத்தியதைப் பற்றி எழுதினார். நிமிர்ந்து நின்ற காதுகள் சில மணி நேரத்தில் துவண்டு இரு பக்கமும் தொங்கின. முயல் மற்றபடி நலமாக இருந்தது. சில நாளில் காதுகள் மறுபடி நிமிர்ந்தன. காதின் குருத்தெலும்பில் கொலாஜன் வலை அப்படியே இருந்தது. வலைக்கு நடுவே நீரைப் பிடித்துவைத்து விறைப்பைத் தரும் சர்க்கரைப் புரதம் மட்டும் வெட்டுப்பட்டு வெளியேறியது. செல்கள் அதைத் திரும்பச் செய்து நிரப்பிவிட்டன.

நம் முழங்காலிலும் இந்த இரண்டு அடுக்கு உண்டு. நீரைப் பிடிக்கும் அந்தப் புரதத்தின் பெயர் அக்ரிகன். அதை முதலில் வெட்டுபவை அக்ரிகனேஸ் நொதிகள். பின்னால் எம்.எம்.பி.-13 வந்து கொலாஜன் வலையை வெட்டுகிறது. அக்ரிகன் போனால் மீட்க வாய்ப்புண்டு. வலை போனால் இல்லை. தோலின் கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்பட 15 ஆண்டு ஆகிறது என்றால், குருத்தெலும்பின் கொலாஜனுக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று 2000இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வயது வந்த மனிதருக்கு அது மாறவே மாறாது என்றுதான் அதற்கு அர்த்தம். அக்ரிகனேஸ் ஒன்று இல்லாமல் பிறந்த எலிகளுக்கு மூட்டுத் தேய்வு குறைந்ததை 2005இல் கண்டபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. அதைத் தடுக்கும் மாத்திரை மனிதரிடம் சோதிக்கப்பட்டு 2020இல் கைவிடப்பட்டது. தேய்வு நிற்கவில்லை.

இந்த இடத்தில் கடைகளில் விற்கும் கொலாஜன் பொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாம் உண்ணும் கொலாஜன் குடலில் அமினோ அமிலமாகவும் சிறு துண்டாகவும் செரிந்துதான் ரத்தத்தில் சேரும். அது அப்படியே போய் முழங்காலில் ஒட்டிக்கொள்ளாது. புதுக் கொலாஜனைச் செல்கள்தான் நெய்ய வேண்டும். அதற்குத் தேவையான புரதத்தையும் வைட்டமின் சியையும் பருப்பும் முட்டையும் நெல்லிக்காயும் கொய்யாவும் கொடுத்துவிடும். மாதம் ஆயிரக்கணக்கில் அந்த டப்பாவுக்குச் செலவழிக்கும் பெரியவர்களைப் பார்க்கையில் மனம் வருந்துகிறது. அந்தப் பணத்தில் முழங்காலைத் தாங்கும் தசைக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபி கிடைக்கும்.

புற்றுநோயில்தான் இந்த நொதிகள் முழு வில்லனாகச் சித்திரிக்கப்பட்டன. 1980இல் லான்ஸ் லியோட்டா குழு, கட்டிகளின் பரவும் திறனுக்கும் அவை திசுக்களின் அடிச்சவ்வு கொலாஜனை வெட்டும் திறனுக்கும் தொடர்பிருப்பதைக் காட்டியது. வேலியை வெட்டும் நொதியை நிறுத்தினால் புற்று பரவாது என்ற எண்ணம் எவருக்கும் வரக்கூடியதுதான். 1990களில் ஆக்ஸ்ஃபோர்டின் பிரிட்டிஷ் பயோடெக் உட்படப் பல நிறுவனங்கள் இதில் இறங்கின. துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு எம்.எம்.பி. பலவற்றையும் ஒருசேர முடக்கும் மாரிமாஸ்டாட் போன்ற மாத்திரைகள் வந்தன. எலிகளில் கட்டிகள் சுருங்கின. மனிதரிடம் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. நோயாளிகளின் தோளும் விரல்களும் விறைத்து வலித்தன. வெட்டும் வேலை நின்றால் மூட்டைச் சுற்றியுள்ள திசு தடித்துப்போகிறது என்பது அந்த வலியின் செய்தி. பேயர் நிறுவனத்தின் இன்னொரு மருந்தை உட்கொண்ட நுரையீரல் புற்று நோயாளிகள், வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களைவிடச் சீக்கிரம் இறந்ததால் 1999இல் சோதனை நிறுத்தப்பட்டது.

ஏன் தோற்றது? மருந்து கொடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று ஏற்கெனவே பரவி முடிந்திருந்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த நொதிகள் எல்லாம் ஒரே கட்சி இல்லை. எம்.எம்.பி.-8 இல்லாத ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் அதிகம் வந்தன என்று ஸ்பெயினின் ஓவியெடோவில் கார்லோஸ் லோபெஸ்-ஓட்டின் குழு 2003இல் காட்டியது. அந்த நொதி நம்மைக் காத்துவந்தது. வில்லனைப் பிடிக்கப் போனவர்கள் காவலாளியையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

எலும்பிலும் இதே படிப்பினை. எலும்பின் கொலாஜனை வெட்டும் கத்தெப்சின் கே என்ற நொதியை மரபணுக் குறையால் இழந்தவர்களுக்கு எலும்பு மிக அடர்த்தியாக இருக்கும். ஆனால் எளிதில் முறியும். பழையதை அகற்றாத எலும்பு கனமாகும், உறுதியாகாது. எலும்புத் தேய்வுக்கு இந்த நொதியை அடக்கும் ஒடனாகாடிப் என்ற மருந்தை மெர்க் நிறுவனம் உருவாக்கியது. எலும்பு முறிவுகள் குறைந்தன. ஆனால் பக்கவாதம் கூடியது தெரிந்ததும் 2016இல் நிறுவனம் அதைக் கைவிட்டது.

வென்ற இடங்கள் சிறியவை. நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவப் பேராசிரியர் லோர்ன் கோலப், டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கிருமியைக் கொல்வதோடு கொலாஜினேஸையும் தணிப்பதை 1983இல் கண்டார். கிருமியே இல்லாமல் வளர்த்த எலியிலும் அது வேலை செய்தது. ஈறு நோயில் பல்லைப் பிடித்திருக்கும் நாரைக் கிருமியைவிட நம் நொதிகளே அதிகம் வெட்டுகின்றன. கிருமியைத் தொடாத அளவில், 20 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளினை நாளுக்கு இருமுறை கொடுக்க 1998இல் அமெரிக்கா அனுமதித்தது. முற்றாக முடக்காமல் சற்றே தணிக்கும் மருந்து இது. பல்லைச் சுத்தம் செய்யும் சிகிச்சைக்குத் துணைதானே தவிர அதற்கு மாற்று ஆகாது.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வின் பயன் மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் சர்க்கரை நோயாளியின் பாதம். சாதாரணப் புண்ணில் முதல் சில நாட்கள் எம்.எம்.பி. கூடும். சிதைந்த திசுவை அகற்றும். பிறகு டிம்ப் வந்து அடக்கும், புதுச் சதை வளரும். சர்க்கரைப் புண் அந்த முதல் கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. வெட்டும் நொதிகள் வாரக்கணக்கில் உச்சத்தில் இருக்கின்றன. அடக்கும் புரதங்கள் குறைந்துவிடுகின்றன. புதிதாக நெய்வதையெல்லாம் வெட்டும் நொதிகள் நெய்ய நெய்ய அறுத்துப்போடுகின்றன. கொலாஜன் கட்டுகள் இதற்காகத்தான் பயன்படுகின்றன. புண்ணின் மேல் வைத்த கொலாஜனை நொதிகள் வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அடியில் உள்ள சதைக்குச் சற்று அவகாசம் கிடைக்கிறது. ஐரோப்பாவில் 240 நோயாளிகளிடம் நடந்த எக்ஸ்ப்ளோரர் என்ற சோதனையில், இந்த நொதிகளைப் புண் இருக்கும் இடத்தில் மட்டும் தணிக்கும் சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் கலந்த கட்டு போடப்பட்டது. 20 வாரத்தில் 48 சதவீதம் பேருக்குப் புண் மூடியது. சாதாரணக் கட்டு போட்டவர்களில் 30 சதவீதம். 2018இல் இது லான்செட் குழும இதழில் அச்சானது. மாத்திரையாக உடம்பு முழுக்க அனுப்பித் தோற்றதை, ஒரு துணியில் தடவி ஓர் இடத்தில் வைத்துச் சாதித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சோதனையில் இரு பிரிவினருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. புண்ணின் மேல் உடல் எடை விழாதபடி பாதத்துக்குத் தாங்கல் கொடுத்து, முறையாகச் சுத்தம் செய்து, தவறாமல் பார்த்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் புண் நசுங்கினால் வெள்ளை அணுக்கள் மறுபடி வரும், நொதிகளை மறுபடி கொட்டும். கட்டு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயன் இராது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்களின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க ஒருவர், அழுத்தம் குறைக்கும் காலணியை அளவெடுத்துக் கொடுக்க ஒருவர் இருந்தாலே பல கால்கள் பிழைக்கும். புதுக் கட்டு விலை குறைந்து நம்மிடம் வரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.